எஸ்தருக்காகச் சேர்த்த பொத்தான்

காபிக்கொட்டை வறுபடும் வாசனை வந்தால் மற்றவர்களுக்குக் காபி குடிக்கத் தோன்றும். எனக்கு விரல் அரிக்கும். எதையாவது தட்ட வேண்டும், எதையாவது கிளிக் செய்ய வேண்டும் போலிருக்கும். போன சனிக்கிழமை மாட்டுங்கா பக்கம் கிங்ஸ் சர்க்கிளில் அரைக் கிலோ பொடிக்காக வரிசையில் நின்றபோதும் இதேதான். கடைக்காரர் மிஷினை ஓட்டிவிட்டதும் என் வலது கை, மவுஸ் பிடிக்கிற மாதிரி தொடைமேல் தானாக வளைந்து கொண்டது. பக்கத்தில் நின்ற அம்மாள் என் கையை ஒருமுறை பார்த்துவிட்டு ஒரு அடி தள்ளி நின்றுகொண்டார். அவரிடம் என்னவென்று சொல்வது? இந்தக் கடையின் மாடியில்தான் நான் இன்டர்நெட் பழகினேன், இந்த வாசனைக்கு நடுவில்தான் என் முதல் வலைப்பூவை ஆரம்பித்தேன், அந்த விளையாட்டில்தான் என் தங்கையின் நம்பிக்கையைத் தொலைத்தேன் என்றெல்லாம் வரிசையில் நின்று சொல்ல முடியுமா? அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

மாடியில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். அப்போது அது பிரவுசிங் சென்டர். எட்டு கம்ப்யூட்டர், நடுநடுவே பிளைவுட் தடுப்பு. கீழே கொட்டை வறுக்கும்போது புகை ஜன்னல் வழியாக ஏறி வந்து கீபோர்டில் படியும். எழுத்துகளுக்கு நடுவே பழுப்பாக ஒரு பிசுக்கு எப்போதும் இருந்தது. தாராவிக்குத் திரும்புகிற நான், குர்லாவில் வண்டி மாறி சயானில் இறங்க வேண்டியவன், ஒரு ஸ்டேஷன் தள்ளி மாட்டுங்காவில் இறங்கி அந்தப் படிகளில் ஏறுவேன். கல்யாணமாகாத இருபத்து நாலு வயசுக்காரன் வேலை முடிந்து இப்படி வழி தப்பிப் போனால் வீட்டில் வேறு மாதிரி சந்தேகப்படுவார்கள். அம்மா பட்டாள். சட்டையை மோந்து பார்ப்பாள். காபி வாசனைதான் வரும்.

வாஷியில் எனக்கு வேலை. யார் யாரோ கையால் நிரப்பி அனுப்பிய இன்சூரன்ஸ் படிவங்களைப் பார்த்துப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். பெயர், பிறந்த தேதி, முகவரி, நாமினி. பெயர், பிறந்த தேதி, முகவரி, நாமினி. ஒரு நாள் சூப்பர்வைசர் மேஜைக் கம்ப்யூட்டரில், தமிழில் என் பெயரைத் தட்ட முடியுமா என்று தேடிப் போனவன், துபாயில் வேலை செய்யும் ஒருவருடைய பக்கத்தில் போய் விழுந்தேன். தன் அறையின் குளியலறைக் குழாய் ஒழுகுவதைப் பற்றி ஒரு பக்கத்துக்குத் தமிழில் எழுதியிருந்தார். கீழே ஒன்பது பேர் அக்கறையாக யோசனை சொல்லியிருந்தார்கள். குழாய் ஒழுகுவதை எழுதலாம் என்றால் நான் எதைத்தான் எழுதக் கூடாது? அன்று ஆறு மணி எப்போது அடிக்கும் என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் பதிவு என்ன எழுதினேன் என்று நினைக்கிறீர்கள்? கோவில் திருவிழாவில் மைக் கட்டுகிறவர் சொல்வதைத்தான். ஹலோ, சோதனை, சோதனை, ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு மூன்று நாள் யாரும் வரவில்லை. நாலாவது நாள் முன்பின் தெரியாத ஒருவர் வந்து, வருக வருக என்றும், பின்னூட்டம் போடும் இடத்தில் வளைந்து நெளிந்த எழுத்துகளைப் பார்த்துத் தட்டச் சொல்லும் தொல்லையை முதலில் எடுத்துவிடுங்கள் என்றும் எழுதியிருந்தார். அதை எடுப்பதற்காக உள்ளே போனவன்தான். வெளியே வரவே இல்லை.

எழுதுவதைவிட அந்தப் பக்கத்தைக் குடைவதில்தான் எனக்கு ருசி. அந்தக் காலத்தில் பக்கத்தின் டெம்ப்ளேட்டை, அதாவது வார்ப்புருவைத் திறந்தால் புரியாத குறிகளும் அடைப்புகளுமாக நீளமாக ஓடும். ஒரு எண்ணை மாற்றினால் பின்னணி பச்சையாகும். இன்னொன்றை மாற்றினால் தலைப்பு காணாமல் போகும். யாரும் சொல்லித் தரவில்லை. உடைத்து, பயந்து, ஒட்டி, மறுபடி உடைத்துத்தான் கற்றுக்கொண்டேன். ஒரே ஒரு அடைப்புக்குறி விட்டுப்போனால் வலது ஓரத்தில் இருக்க வேண்டிய பட்டியல் முழுவதும் பக்கத்தின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். மவுஸ் போகும் இடமெல்லாம் நட்சத்திரம் கொட்டுகிற மாதிரி செய்தேன். கடிகாரம் சேர்த்தேன். எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டும் கணக்கியைச் சேர்த்துவிட்டு, நானே பத்து தடவை திறந்து மூடி அதை ஓட வைத்தேன். பக்கத்தைத் திறந்ததும் பியானோ வாசிக்கும்படியும் செய்திருந்தேன். அடுத்த தடுப்பில் இருந்தவர் அதட்டிய பிறகு அதை எடுத்தேன். வாஷிப் பாலத்தின் மேல் ரயில் போகும்போது எல்லோரும் கழிமுகத்தைப் பார்ப்பார்கள். நான் விட்டுப்போன அடைப்புக்குறியை யோசித்துக்கொண்டிருப்பேன். வீட்டில் ஜெபத்துக்குக் கண்ணை மூடினால் நிறங்களின் எண்கள் வந்து நிற்கும். ஆண்டவர் மன்னிக்கட்டும்.

ஜெபம் என்றதும் எஸ்தரைச் சொல்ல வேண்டும்.

நாங்கள் தமிழ்நாட்டில் நாசரேத் பக்கத்துக் கிறிஸ்தவர்கள். அப்பா தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை செய்தார். என்னை மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் சேர்த்தார். பிற்பாடு இந்தியில் நான் பட்ட பாட்டைப் பார்த்துவிட்டு, நாலு வயசு இளையவளான எஸ்தரை முதல் வகுப்பிலிருந்தே இந்திப் பள்ளியில் போட்டுவிட்டார். அதனால் அவளுக்குத் தமிழ் பேச வரும், சண்டை போட வரும், பாட வரும். வாசிக்க மட்டும் வராது. எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபத்தில் ஆளுக்கு ஒரு வசனமாக வேதத்தைச் சுற்றி வாசிப்போம். எஸ்தரின் முறை வந்தால் அம்மா அரை அரை வரியாக வாசிப்பாள், இவள் பின்னாலேயே சொல்வாள். பாடகர் குழுவில் எல்லாப் பாட்டையும் இந்தி எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடுவாள். அதை ஒரு குறையாக அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் தன் முறை வருவதற்கு முந்தைய ஆள் வாசிக்கத் தொடங்கியதுமே முந்தானை நுனியைத் திருக ஆரம்பித்துவிடுவாள். நான் அதைப் பார்த்திருக்கிறேன். பார்த்தும் நான் செய்ததுதான் பெரிய விஷயம்.

அவளுக்கு ஊர்ப்பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையனுக்கு இங்கேதான் வேலை, அப்பா ஊரில் சர்ச் உபதேசியார். பெண் பார்க்க வந்தவர்கள் எங்கள் ஒற்றை அறையில் கட்டில் மேலும் பிளாஸ்டிக் நாற்காலியிலுமாக உட்கார்ந்தார்கள். மிக்சர், டீ எல்லாம் ஆனதும் பையனின் அப்பா தன்னுடைய வேதப்புத்தகத்தைத் திறந்து, ஒரு அதிகாரத்தில் விரலை வைத்து எஸ்தரிடம் நீட்டினார். "இத வாசிம்மா, கேட்டுட்டு ஜெபம் பண்ணிக் கெளம்புதோம்" என்றார். அவர்கள் பக்கத்தில் அது வழக்கம். பெண்ணின் குரலும் கேட்கலாம், பக்தியும் தெரியும் என்று.

அம்மாவுக்கு முகம் வெளிறிவிட்டது. எஸ்தர் புத்தகத்தை வாங்கினாள். ஒரு மூச்சு நேரம் பார்த்தாள். பிறகு ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த வேறொரு அதிகாரத்தை, அடி பிசகாமல், நல்ல ராகத்தோடு ஒப்பிக்க ஆரம்பித்தாள். அது மட்டுமென்றால் பரவாயில்லை. நிஜமாகவே வாசிப்பது போலிருக்க வேண்டும் என்று நடுவில் எச்சில் தொட்டு ஒரு பக்கத்தைத் திருப்பினாள். அந்த வயசான மனிதருக்கு வேதம் முழுக்கத் தலைகீழ்ப் பாடம். முடியும்வரை பொறுமையாகக் கேட்டார். ஆமென் சொன்னார். புத்தகத்தை வாங்கி மூடினார். "நல்லா மனப்பாடம் பண்ணியிருக்கம்மா" என்றார். அதோடு போனவர்கள்தான், ஒரு பதிலும் வரவில்லை.

அன்று நான் பாத்திரம் கழுவும் மோரியின் பக்கம் திரும்பி நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன். இதைச் சொல்ல எனக்கு இப்போது வெட்கமாக இருக்கிறது. அப்போது இல்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை மாடிப்படி ஏறியபோது என் தலைக்குள் முழுப் பதிவும் தயாராக இருந்தது. அந்த எச்சில் தொட்ட விரலை மட்டும் ஒரு பத்தி எழுதினேன். எஸ்தர் என்ற பெயரைக்கூட மாற்றவில்லை. எதற்கு மாற்ற வேண்டும்? அப்பா அம்மா கம்ப்யூட்டர் பக்கமே வர மாட்டார்கள். எஸ்தருக்குத் தமிழ் வாசிக்க வராது. துபாய், சிங்கப்பூர், கனடா என்று எங்கெங்கோ இருப்பவர்கள்தான் படிக்கப் போகிறார்கள்.

படித்தார்கள். பதிவுகளை ஒரே இடத்தில் திரட்டிக் காட்டும் தளத்தில் அது இரண்டு நாள் முதல் பக்கத்தில் இருந்தது. என் கணக்கி அதற்கு முன்பு அப்படி ஓடியதே இல்லை. வயிறு வலிக்கச் சிரித்தேன் என்று ஒருவர். உங்கள் தங்கைக்கு நடிப்புக்காக ஒரு விருது கொடுக்கலாம் என்று ஒருவர். பின்னூட்டம் வந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே ஆபீஸில் அடிக்கடி எழுந்து சூப்பர்வைசர் மேஜையில் இருந்த ஒரே இன்டர்நெட் இணைப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். கைகால் நிலைகொள்ளவில்லை. அந்தச் சூட்டில் பக்கத்தின் ஓரத்தில் 'அதிகம் பேர் படித்தவை' என்று ஒரு பட்டியலும் போட்டேன். முதலாவதாக எது இருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

அதற்கு ஒரு மாதம் கழித்துத்தான் அந்தப் பொத்தான். மலேசியப் பதிவர் ஒருவர், தமிழ்ப் பக்கத்தை ஆங்கில எழுத்தில் மாற்றிக் காட்டும் ஒரு சின்ன நிரலை எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று போட்டிருந்தார். திறந்து பார்த்தேன். உள்ளே ஒரு அட்டவணைதான். இந்த எழுத்துக்கு இது, அந்த எழுத்துக்கு அது. ஆங்கிலம் இருக்கும் இடத்தில் இந்தி எழுத்தைப் போட்டால் என்ன ஆகும்? இந்த ஒரு கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. மூன்று சனிக்கிழமை உட்கார்ந்து எழுத்து எழுத்தாக மாற்றினேன். கொம்புகள் இடம் மாறிப் போயின, புள்ளிகள் காற்றில் தொங்கின. மூன்றாவது சனிக்கிழமை பொத்தானை அழுத்தியதும் பக்கம் முழுக்க இந்தி எழுத்தாகி நின்றது. மொழி தமிழேதான். நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். எஸ்தர் தமிழ் வாசிக்கப் போகிறாள்! அந்தச் சந்தோஷம் நிஜம். அதில் ஒரு பொய்யும் இல்லை. ஒரு நொடிகூட அந்தப் பதிவு என் ஞாபகத்துக்கு வரவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்ப மாட்டேன்.

அடுத்த சனிக்கிழமை மதியம் அவளைக் கையைப் பிடிக்காத குறையாக இழுத்துக்கொண்டு போனேன். நாற்காலியில் உட்கார வைத்து, வாஷி ரயிலைப் பற்றி எழுதிய பதிவைத் திறந்து பொத்தானை அழுத்தினேன். அவள் உதட்டை அசைத்து மெதுவாக வாசிக்க ஆரம்பித்தாள். இந்தியில் ககரத்துக்கு நாலு எழுத்து, நமக்கு ஒன்று. என் அட்டவணைக்கு அந்த நுணுக்கமெல்லாம் தெரியாததால் எல்லாம் கரடுமுரடாக வந்தது. ஊருக்குப் புதிதாக வந்த வெள்ளைக்காரப் பாதிரியார் பிரசங்கம் செய்கிற மாதிரி இருந்தது. இரண்டு பேரும் சிரித்தோம். "அண்ணே, நீயா செஞ்ச இத? எனக்காகவா செஞ்ச?" என்று கேட்டாள். நான் பெருமையில் பலூனாக ஊதிப்போயிருந்தேன்.

அந்த நேரம் பார்த்து ஆபீஸிலிருந்து போன். உள்ளே சரியாகக் கேட்காது என்பதால் மாடிப்படிக்கு வந்து பேசினேன். ஏதோ ஒரு கட்டுப் படிவத்தைக் காணோம் என்று சூப்பர்வைசர் கத்திக்கொண்டிருந்தார். பத்து நிமிஷம் இருக்கும். திரும்பி வந்தபோது எஸ்தர் திரைக்கு மிக அருகில் முகத்தை வைத்து, வரிக்குக் கீழே விரலை ஓட்டி வாசித்துக்கொண்டிருந்தாள். அதிகம் பேர் படித்தவை பட்டியலில் தன் பெயரைப் பார்த்திருக்கிறாள். பதிவு முடிந்து பின்னூட்டங்களுக்கு வந்திருந்தாள். அவற்றையும் என் பொத்தான் சுத்தமாக மாற்றிக் கொடுத்திருந்தது.

"இவங்கள்லாம் யாரு?" என்று கேட்டாள்.

தெரியாதவர்கள்தான் என்றேன். வேறு நாடுகளில் இருப்பவர்கள், நமக்கும் அவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது என்று மேலே மேலே ஏதோ சொன்னேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. திரையைத்தான் பார்த்தாள்.

"எனக்கு அவங்களத் தெரியாது. அவங்களுக்கு என்னயத் தெரியுமே," என்றாள். பிறகு, "நான் வாசிக்க மாட்டேங்கிற தைரியத்துலதான எழுதுன, அண்ணே?" என்றாள்.

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன். அவள் விசாரிக்கிற மாதிரி கேட்டாள். நான் எழுந்து போய் சென்டருக்குக் காசு கொடுத்தேன். கீழே இறங்கி நடந்தோம். சயான் வரை நடந்தே போனோம்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் இருப்புக் கொள்ளாமல் தெருவுக்கும் வீட்டுக்குமாக அலைந்தேன். திங்கட்கிழமை ஆபீஸ் விட்டதும் ஓடிப்போய் சென்டரில் உட்கார்ந்தேன். அந்தப் பதிவை மட்டும் எடுத்தால் போதும். ஆனால் எனக்கு எதையும் அளவாகச் செய்து பழக்கம் கிடையாதே. பக்கத்தைத் திறக்கவே கூசியது. நேராக உள்ளே போய், முழு வலைப்பூவையும் அழிக்கும் பொத்தானைத் தேடினேன். நிச்சயமாகத்தானா என்று கேட்டது. ஆம் என்று அழுத்தினேன். நட்சத்திரம், கடிகாரம், கணக்கி, மூன்று சனிக்கிழமை உழைத்த அட்டவணை எல்லாம் போயிற்று. பெரிய தியாகம் செய்துவிட்ட மாதிரி வீட்டுக்குப் போய், எல்லாவற்றையும் அழித்துவிட்டேன் என்று எஸ்தரிடம் சொன்னேன். சரி என்றாள்.

அதற்குப் பிறகு அவள் என்னிடம் சண்டை போடவில்லை, முகத்தைத் திருப்பவில்லை. சோறு போட்டாள், சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாள். ஆனால் தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டாள். நான் அறைக்குள் வந்தால் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தது வேறு பேச்சாக மாறும். பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது எனக்கு ஒரு வாரம் கழித்துத் தெரிந்தது. கூட வேலை செய்யும் ஒருவரைக் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்பது வீட்டில் கடைசியாகத் தெரிந்தது எனக்குத்தான். என் முன்னால் அவள் ஜாக்கிரதையாகிவிட்டாள். இருபது வருஷமாக அப்படித்தான் இருக்கிறோம். பிள்ளைகளுக்குப் பிறந்த நாள் என்றால் போவேன், கிறிஸ்துமஸ் என்றால் வருவாள். நன்றாகத்தான் பேசிக்கொள்வோம். நானும் வாஷிக்குப் பக்கத்தில் சான்பாடாவுக்குக் குடிவந்து, கல்யாணம் செய்து, தலை நரைத்து, எல்லாம் ஆகிவிட்டது. நான் அதன் பிறகு வலைப்பூ எழுதவில்லை.

போன சனிக்கிழமை காபிப் பொடியோடு நேராகச் செம்பூரில் அவள் வீட்டுக்குப் போனேன். கை தானாக வளைந்ததையும் அந்த அம்மாள் தள்ளி நின்றதையும் சொன்னேன். சிரித்தாள். நானும் அந்தத் தைரியத்தில், நான் செய்தது பெரிய தப்பு எஸ்தர் என்று முதல்முறையாகச் சொன்னேன். அவள் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதெல்லாம் விடு அண்ணே என்றாள். பிறகு துடைப்பதை நிறுத்திவிட்டு, "நீ எழுதுனதுகூடப் போகட்டும். நான் எழுதுனத அழிச்சதுதான் எனக்குத் தாங்கல," என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. நீ எங்கே எழுதினாய் என்று கேட்டேன்.

"அந்த ஞாயித்துக்கெழம கோவில் முடிஞ்சு சென்டருக்குத் தனியாப் போனேன். எல்லாரும் எழுதியிருந்தாங்கல்ல கீழ, அங்கதான் எழுதுனேன். இந்தி எழுத்துல, நம்ம பேச்சு. எனக்கு டைப்பிங் எங்க வரும், ரெண்டு மணி நேரம் ஆச்சு. மறுநாளே மொத்தத்தையும் அழிச்சிட்டேன்னு வந்து சொன்ன. மத்லப், அதாவது, நீ படிச்சிட்டுப் பிடிக்கலன்னு அழிச்சிட்டன்னு நெனச்சேன்."

"நான் அதப் பாக்கவே இல்லட்டி," என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். நம்புவதா வேண்டாமா என்று பார்க்கிற பார்வை. பின்னூட்டம் வந்தால் மெயிலில் வந்து சொல்லும் ஒரு சாதாரண வசதியை நான் வைத்துக்கொண்டதில்லை. ஒவ்வொரு முறையும் நானே போய்த் திறந்து பார்க்கிற ஆசையில் அதை வேண்டாமென்று விட்டிருந்தேன். அன்று திறக்காமலே அழித்தேன். இதையெல்லாம் அவளிடம் திக்கித் திக்கிச் சொன்னேன். என்ன எழுதியிருந்தாய் என்று கேட்டேன்.

"கோவமா எழுதுனேன். கோவம் மட்டும் இல்ல. வேற என்னென்னமோ இருந்துச்சு. இப்பம் கேட்டா எப்படிண்ணே சொல்ல? தமிழ்ல நான் எழுதுனது அது ஒண்ணுதான்," என்றாள்.

சான்பாடாவுக்கு வந்து சேர்ந்ததும் செருப்பைக் கழற்றாமல் லேப்டாப்பைத் திறந்தேன். செத்துப்போன பக்கங்களை எப்போதோ நகலெடுத்து வைத்திருக்கிற தளம் ஒன்று இருக்கிறது. என் பழைய முகவரியைக் கொடுத்தேன். ஒரே ஒரு நகல் இருந்தது. பச்சைப் பின்னணி வந்தது. பொத்தான் வேலை செய்யவில்லை. அந்தப் பதிவு ஒரு எழுத்து குறையாமல் இருந்தது. வாசித்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எச்சில் தொட்ட விரல் வரும் இடத்தில் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. கீழே பின்னூட்டங்கள். வயிறு வலிக்கச் சிரித்தவர், விருது கொடுக்கச் சொன்னவர் என்று பதினேழு பேர். பதினேழாவது ஆளோடு பக்கம் முடிந்துவிட்டது. நகல் எடுத்தது வெள்ளிக்கிழமை. அவள் எழுதியது அதற்கு இரண்டு நாள் கழித்து.

இந்த ஒரு வாரமாக ரயிலில், ஆபீஸில், சாப்பாட்டுக்கு நடுவில், போனை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து கடைசிவரை தள்ளிக்கொண்டு போகிறேன். அதில் இல்லை என்று எனக்குத் தெரியும். என் தங்கையைப் பார்த்துச் சிரித்தவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள், நானும் இருக்கிறேன். அவள் எழுதியது மட்டும் இல்லை.